ஆப்பிள் இல்லாத கிடங்கு

2010 நவம்பரில், நன்றி நவிலல் நாளை ஒட்டி அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகப் பொருள் வாங்கக் கிளம்பும் நேரத்தில், உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் விற்கும் காஸ்ட்கோ, தன் கிடங்குக் கடைகளில் ஆப்பிள் பொருட்களை இனி விற்பதில்லை என்று உறுதிப்படுத்தியது. கையிலிருக்கும் சரக்கு தீரும்வரை ஐபாட் கிடைக்கும், அதோடு சரி. காஸ்ட்கோவின் இணையக் கடையில் தன் பொருட்களை விற்க ஆப்பிள் சம்மதிக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

சியாட்டிலுக்குக் கிழக்கே, காஸ்ட்கோவின் தலைமையகம் இருக்கும் இஸக்வாவுக்குப் பக்கத்தில்தான் என் வீடு. இந்த வட்டாரத் தமிழர் வீடுகளில் அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் காஸ்ட்கோ பாதாம், காஸ்ட்கோ சாக்லேட், அத்தை மாமாவுக்கு வைட்டமின் மாத்திரைப் புட்டி, அக்கா மகனுக்கு ஓர் ஐபாட் என்று ஒரு கணக்கு இருந்தது. "ஆப்பிளுக்குத் தலைக்கனம்" என்றார் ஒருவர். "பேரம் படியல, அவ்வளவுதான்" என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே போதவில்லை. என் அப்பா மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். ஒரு சரக்கு கடைக்கு வருவது நின்றால், நிறுத்தியது யார், எதற்காக என்று விசாரிக்கும் பழக்கம் வீட்டிலேயே வந்தது. அப்படி விசாரிக்கப் போனால் இந்த ஐபாட் விவகாரம் 1950-களின் சான் டியேகோவில் போய் நிற்கிறது.

சால் பிரைஸ் 1916-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தவர். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதக் குடும்பம். தொழில் வக்கீல். லாஸ் ஏஞ்சலஸில் அஞ்சல் ஊழியர்கள் தொடங்கிய ஃபெட்கோ என்ற உறுப்பினர் கடைக்குச் சரக்கு கொடுத்த நகை வியாபாரிகள் அவருடைய கட்சிக்காரர்களாக இருந்தார்கள். சான் டியேகோவிலிருந்து அத்தனை தூரம் வண்டி ஓட்டிப்போய் அங்கே வாங்குகிறவர்கள் ஏராளம் என்பதை அவர்கள் கவனித்தார்கள். மாமியார் வழியில் வந்த ஒரு காலிக் கிடங்கு பிரைஸின் பொறுப்பில் இருந்தது. 1954-இல் அதில் ஃபெட்மார்ட்டைத் திறந்தார். அரசு ஊழியர்களுக்கு மட்டும் அனுமதி, உறுப்பினர் கட்டணம் 2 டாலர்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு பொருளை விலை குறைத்து விற்பது சட்டச் சிக்கலான காரியம். 1931-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 1937-இல் மில்லர்–டைடிங்ஸ் சட்டம் அதற்கு நாடாளுமன்றத்தின் ஆதரவையும் தந்தது. அதன்படி, தன் பொருளை இன்ன விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்று உற்பத்தியாளரே கடைக்காரருக்குக் கட்டளையிடலாம். பொருளின் மேல் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் குற்றம் என்று பழகிய நமக்கு, அதற்குக் கீழே விற்றால் குற்றம் என்பது தலைகீழாகத் தெரியும். அந்தச் சட்டங்களுக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. பெருமந்தக் காலத்தில் பெரிய சங்கிலிக் கடைகள் விலையை அடித்து வீழ்த்த, தெருமுனை மருந்துக் கடைக்காரர்களும் சிறு மளிகைக்காரர்களும் பிழைக்க முடியாமல் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. கீழமாசி வீதியை அறிந்தவன் என்பதால் அந்தச் சிறு வியாபாரிகளின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிரைஸ் வேறு பக்கம் நின்றார். ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்கு எப்படிக் கடமைப்பட்டவரோ, அப்படியே கடைக்காரர் வாங்குகிறவருக்குக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய கொள்கை. கடைசிவரை அவர் மாற்றிக்கொள்ளாத கொள்கை அது. வாங்குகிறவருக்காகக் கொள்முதல் செய்யும் ஆள்தான் கடைக்காரர். உற்பத்தியாளருக்காக விற்றுக்கொடுக்கும் ஆள் அல்லர். பேர்பெற்ற கம்பெனிகள் பல ஃபெட்மார்ட்டுக்குச் சரக்குத் தர மறுத்தன. தராவிட்டால் போகட்டும் என்று 'எஃப்எம்' என்ற சொந்தப் பெயரில் பொருட்களைத் தயாரிக்க வைத்து விற்றார். ஒரு பிராண்டு அலமாரியில் இல்லாமல் போவதைக் கடையின் அவமானமாக அவர் நினைக்கவில்லை. காஸ்ட்கோ 2010-இல் ஆப்பிளை விட்ட விதத்தில் எனக்கு முதலில் தெரிந்தது இந்தப் பழக்கம்தான்.

ஃபெட்மார்ட் தொடங்கிய புதிதில் அங்கே மெத்தைகளை இறக்கி வைக்கும் வேலைக்கு வந்த 18 வயதுப் பையன் ஜிம் சினிகல். தொழிலை முழுக்க பிரைஸிடமே கற்றார். 1975-இல் ஜெர்மானிய வியாபாரி ஹ்யூகோ மான் ஃபெட்மார்ட்டைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். கொஞ்ச நாளில் நிறுவனரையே வெளியேற்றினார். பிரைஸுக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் ராபர்ட்டோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1976 ஜூலை 12 அன்று சான் டியேகோவின் மொரீனா புலவார்டில், ஒரு காலத்தில் ஹோவர்ட் ஹியூஸின் விமானத் தொழிலுக்குப் பயன்பட்ட கட்டடத்தில், பிரைஸ் கிளப் பிறந்தது. உற்பத்தியாளர் விலையைக் கட்டளையிடும் சட்டங்களுக்குக் கொடுத்திருந்த ஆதரவை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது அதற்கு முந்தைய ஆண்டில்தான். தடை நீங்கிய கையோடு கடை திறந்துவிட்டது.

முதலில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆண்டுக் கட்டணம் 25 டாலர். முதல் ஆண்டில் சுமார் 7,50,000 டாலர் நஷ்டம். அரசு ஊழியர்கள் போன்ற சில குழுவினருக்கும் கதவைத் திறந்த பிறகே கடை நிமிர்ந்தது. கட்டடத்துக்கு அலங்காரம் கிடையாது. லாரியில் வந்த பலகை அடுக்கு அப்படியே ஃபோர்க்லிஃப்டில் ஏறி விற்பனைத் தளத்தில் இறங்கும். ஒவ்வொரு வகையிலும் ஓரிரு பொருள், ஒரே அளவு. வேறு அளவு கேட்கிறவர் வாங்காமல் போவார் என்பது தெரிந்தே அந்த விற்பனையை விட்டுக்கொடுப்பார்கள். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பல பத்தாயிரம் வகைச் சரக்கு இருக்கும். காஸ்ட்கோவில் இன்றும் ஏறக்குறைய 4,000-தான்.

1983-இல் சினிகலும் சியாட்டில் வக்கீல் ஜெஃப்ரி பிராட்மனும் சியாட்டிலின் ஃபோர்த் அவென்யூ சவுத்தில் முதல் காஸ்ட்கோவைத் திறந்தார்கள். அதே ஆண்டு வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டன் ஓக்லஹோமாவில் சாம்ஸ் கிளப்பைத் தொடங்கினார். பிரைஸிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1993-இல் சீடன் சினிகலின் காஸ்ட்கோவும் குருவின் பிரைஸ் கிளப்பும் ஒன்றாக இணைந்தன. இரண்டு ஆண்டு கழித்து வந்த கிர்க்லண்ட் சிக்னேச்சர் என்ற சொந்தப் பிராண்டில், ஃபெட்மார்ட்டின் 'எஃப்எம்' மறுபிறவி எடுத்தது. தலைமையகம் அப்போது கிர்க்லண்டில் இருந்ததால் அந்தப் பெயர். அலுவலகம் இஸக்வாவுக்கு மாறிய பிறகும் பெயர் நின்றுவிட்டது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கொள்முதல் விலைக்கு மேல் 14 சதவீதத்துக்கு அதிகமாக ஏற்றக் கூடாது, சொந்தப் பிராண்டுக்கு 15 என்பது காஸ்ட்கோ தனக்குத் தானே போட்டுக்கொண்ட வரம்பு. விலை ஏற்றினாலும் வாங்க ஆள் இருக்கும்போதுகூட ஏற்ற மாட்டார்கள். அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? 2010 நிதியாண்டில் உறுப்பினர் கட்டணமாக மட்டும் சுமார் 169 கோடி டாலர் வந்தது. நிகர லாபம் சுமார் 130 கோடி. கட்டணத்தை எடுத்துவிட்டால் லாபத்தில் சிறு பங்குதான் மிஞ்சும். ஆக, காஸ்ட்கோ உண்மையில் விற்பது உறுப்பினர் அட்டையை. 2010-இல் ஆண்டுக்கு 50 டாலர் கொடுத்து அட்டை வாங்கியவர், அடுத்த ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். தனக்காக யாரோ அடித்துப் பேசி விலை குறைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைக் காட்ட முடியாத பொருள், எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், அங்கே இடத்தை அடைக்கும் சரக்குதான்.

ஐபாட் அப்படிப்பட்ட பொருளாக இருந்தது. ஆப்பிள் எங்கும் ஏறக்குறைய ஒரே விலை என்பதைக் கட்டிக் காத்த கம்பெனி. அதற்கும் பழைய காயம் உண்டு. 1990-களில் பெரிய சங்கிலிக் கடைகளின் மூலைகளில் மேக் கணினிகள் தூசி படிந்து கிடந்தன. விற்கிறவருக்கே அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், அப்படிப்பட்ட பல சங்கிலிகளோடு உறவை முறித்தார். 2001 மே 19 அன்று வர்ஜீனியாவின் டைசன்ஸ் கார்னரிலும் கலிபோர்னியாவின் கிளெண்டேலிலும் சொந்தக் கடைகளைத் திறந்தார். 2010-இல் அந்தக் கடைகள் 300-ஐத் தாண்டிவிட்டன. தன் பொருள் எந்த மேசையில், எந்த வெளிச்சத்தில், யார் கையால் விற்கப்பட வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் நிலைக்கு ஆப்பிள் வந்திருந்தது. காஸ்ட்கோவில் அதே ஐபாட் எப்படி இருந்தது? ஒரு பக்கம் டயர், மறுபக்கம் பெரிய பெரிய டிவிகள். நடுவில் இருக்கும் ஐபாட்டுக்கான சீட்டை எடுத்துக் கல்லாவில் கொடுத்தால், பூட்டிய கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து பெட்டியைக் கொண்டுவந்து தருவார்கள். எனக்கு அந்தக் கூண்டு பிடிக்கும். ஆப்பிளுக்குப் பிடித்திருக்க வாய்ப்பே இல்லை.

எலெக்ட்ரானிக்ஸ் சரக்கு காஸ்ட்கோவுக்கு ஏற்கெனவே ஒரு தலைவலியாக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற வாக்கு மற்ற பொருட்களுக்குச் சரிப்பட்டது. டிவி விலையோ ஆண்டுதோறும் சரிந்துகொண்டிருந்தது. மூன்று ஆண்டு பார்த்த டிவியைத் தள்ளிக்கொண்டு வந்து, முழுப் பணத்தையும் வாங்கி, அதே பணத்தில் இன்னும் பெரிய டிவியை ஏற்றிக்கொண்டு போனார்கள். 2007-இல் டிவி, கணினி, கேமரா, பாட்டுக் கேட்கும் கருவி போன்றவற்றுக்கு மட்டும் 90 நாள் என்று வரம்பு வைத்தார்கள். நம்மவர்கள் சிலர் அந்தச் சலுகையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவருக்கும் கடைக்குக் கடமை உண்டு என்று அவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

2010-க்கு முந்தைய ஆண்டு நவம்பரில் கொக்கோ கோலாவையும் காஸ்ட்கோ இப்படித்தான் நிறுத்தியது. எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை, அதனால் இப்போதைக்கு வைக்கவில்லை என்று அலமாரியிலேயே எழுதி ஒட்டினார்கள். அடுத்த மாதமே கோலா திரும்பி வந்தது. அந்த டிசம்பரில்தான் சால் பிரைஸ் 93 வயதில் இறந்தார்.

ஆப்பிள் விவகாரம் நடந்த அதே நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. ஒமேகா கைக்கடிகாரங்களை நேரடியாகப் பெற முடியாத காஸ்ட்கோ, வெளிநாட்டில் விற்கப்பட்டவற்றை இடைத்தரகர் வழியாக வாங்கி, 1,995 டாலர் பட்டியல் விலையுள்ள சீமாஸ்டரை 1,299 டாலருக்கு விற்றது. கடிகாரத்தின் பின்புறம் பொறித்த சிறு உருண்டைச் சின்னத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறது என்று ஒமேகா வழக்குப் போட்டது. 2010 டிசம்பர் 13 அன்று தீர்ப்பு நான்குக்கு நான்கு என்று சமமாகப் பிரிந்தது. நீதிபதி எலீனா கேகன் அந்த வழக்கிலிருந்து விலகியிருந்தார். அதனால் ஒமேகாவுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அப்போதைக்கு நின்றது. ஆனால் வழக்கு மறுபடி கீழே போனபோது, கடிகாரங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதற்காக ஒமேகா பதிப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி நீதிமன்றம் காஸ்ட்கோ பக்கம் சாய்ந்தது. 2015-இல் மேல்முறையீட்டிலும் காஸ்ட்கோவே வென்றது.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஐபாட் விவகாரம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று உற்பத்தியாளர் விலைக்குத் தரை போடலாமா என்ற பழைய கேள்வி, 1975-இல் சட்டத்திலிருந்து போனாலும் வியாபாரத்திலிருந்து போகவில்லை. 2007-இல் லீஜின் என்ற தோல்பொருள் கம்பெனியின் வழக்கில், அப்படித் தரை போடுவது தானாகவே குற்றமாகிவிடாது, சூழலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஒரு பொருளை உண்டாக்கியவருக்கு அதை மதிப்போடு விற்கும் உரிமை உண்டு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் விலை கொடுத்து வாங்கிய சரக்கை என்ன விலைக்கு, எந்தக் கடையில், எந்த இணையப் பக்கத்தில் விற்பது என்பது கடைக்காரர் முடிவாக இருக்க வேண்டும் என்ற பக்கமே என் மனம் சாய்கிறது. தரையை எடுத்ததால்தான் மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நல்ல பொருட்கள் எட்டின. ஆப்பிளை விட்ட அந்தக் கிறிஸ்துமஸில் காஸ்ட்கோவுக்குக் கொஞ்சம் விற்பனை போயிருக்கும். உறுப்பினரிடம், உனக்காக ஒன்றும் குறைக்க முடியாத சரக்கை உன் கையில் திணிக்க மாட்டோம் என்று சொல்லாமல் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சில ஆண்டுகளில் ஆப்பிள் திரும்பி வந்தது. கிடங்குகளுக்கும், காஸ்ட்கோவின் இணையக் கடைக்கும். எந்தக் கதவுக்காகப் பிரிந்தார்களோ அந்தக் கதவு இன்று திறந்தே இருக்கிறது. ஐபேட், வாட்ச், மேக்புக், ஏர்பாட்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கின்றன, பெரும்பாலும் ஆப்பிளின் சொந்தக் கடையைவிடக் கொஞ்சம் குறைந்த விலையில். ஐபாட் மட்டும் இன்று அங்கே இல்லை. அதன் கடைசி மாதிரியை 2022-இல் ஆப்பிளே நிறுத்திவிட்டது.