புள்ளிக்கு என்ன விலை? தங்குவிடுதி வெகுமதிப் புள்ளிகளின் வரலாறும் ஒரு கணக்கும்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் பயணத்தைப் பற்றியே இருக்கும். அப்படியொரு நாளில் இரண்டு ஆசிரியர்களுக்கிடையே சிறு வழக்கு எழுந்தது. இருவரும் குடும்பத்தோடு சிங்கப்பூர் செல்லத் திட்டமிட்டிருந்தனர். இருவரும் வெவ்வேறு தங்குவிடுதிக் குழுமங்களில் உறுப்பினர்கள்.

"என்னிடம் 60,000 புள்ளி இருக்கிறது டீச்சர். உங்களிடம் 24,000தானே?" என்றார் ஒருவர்.

ஆசிரியை தம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "சார், உங்கள் 60,000க்கு ஓர் இரவு. என் 24,000க்கு இரண்டு இரவு."

அறை முழுவதும் சிரிப்பொலி. நானும் சிரித்தேன். ஆனால், இந்தப் புள்ளிகளால் எனக்கும் ஒரு வருத்தம் நேர்ந்ததுண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மதிப்பும் பெரிதாக இருக்கும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். பணத்தாளில் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. புள்ளியில் அப்படி எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதை அறிய அதன் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டியிருக்கிறது.

வில்லைக்கு மதிப்பு இருந்த காலம்

புள்ளிகளுக்கு முன்னோடி, அஞ்சல்தலை போன்ற சிறு ஒட்டுவில்லைகள். அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் பச்சை வில்லைகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் அவற்றைத் தம் வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தருவார். பெரும்பாலும் 10 காசு செலவுக்கு ஒரு வில்லை. இல்லத்தரசிகள் அவற்றை ஒரு சிறு புத்தகத்தில் ஒட்டி வைப்பார்கள். 1,200 வில்லைகள் சேர்ந்தால் புத்தகம் நிறையும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்துப் போர்வை, விளக்கு, சமையல் பாத்திரம் முதலியவற்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒரு புத்தகம் நிறைய 120 டாலர் செலவழித்திருக்க வேண்டும் என்பதை நம் ஐந்தாம் ஆண்டு மாணவரே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். கணக்கு அவ்வளவு வெளிப்படையாக இருந்தது.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1964ஆம் ஆண்டு அங்கே இயற்றப்பட்ட வணிக வில்லைச் சட்டம், ஒவ்வொரு வில்லையிலும் அதன் பண மதிப்பை அச்சிட வேண்டும் என்றது. பரிசுப் பொருள் வேண்டாம் என்பவர், குறிப்பிட்ட அளவு வில்லைகள் சேர்ந்ததும் அவற்றைப் பணமாகக் கேட்டுப் பெறலாம் என்றும் விதித்தது. 2005ஆம் ஆண்டு அச்சட்டம் நீக்கப்பட்டது. வில்லைகளின் காலம் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. அவற்றின் இடத்தைப் புள்ளிகள் பிடித்திருந்தன. புள்ளியில் மதிப்பை அச்சிட்டுத் தர வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை.

விமானத்திலிருந்து விடுதிக்கு

1978ஆம் ஆண்டு அமெரிக்க அரசு உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சட்டம் இயற்றியது. போட்டி கடுமையானது. பயணிகளைத் தக்கவைக்க, 1981ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் பறந்த தொலைவுக்கேற்ப வெகுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைடெட் நிறுவனமும் தொடங்கியது.

தங்குவிடுதிகள் பின்தொடர்ந்தன. 1983ஆம் ஆண்டு ஹாலிடே இன் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டில் மேரியட்டும், 1987ஆம் ஆண்டில் ஹில்டனும் ஹயாத்தும் களத்தில் இறங்கின.

விடுதிகளுக்கு இது ஏன் இலாபமாயிற்று? இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க இயலாது. விடிந்ததும் கெட்டுப்போகும் பண்டம் அது. அதை ஒரு நிலையான வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் ஆகும் செலவு, துப்புரவுக்கும் நீருக்கும் மின்சாரத்திற்கும்தான். மேலும், அலுவல் காரணமாகப் பயணம் செய்பவரின் அறைக் கட்டணத்தை அவருடைய நிறுவனம் செலுத்துகிறது. புள்ளியோ அவருடைய பெயரில் சேர்கிறது. ஆகவே, கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் தமக்குப் புள்ளி தரும் விடுதியையே அவர் நாடுவார். இதனால்தான் இத்திட்டங்கள் விரைந்து வளர்ந்தன.

பட்டியல் வந்தது, பட்டியல் போனது

குழுமங்கள் நெடுங்காலம் ஒரு புள்ளிப் பட்டியலை வெளியிட்டு வந்தன. இந்தத் தரத்து விடுதிக்கு இத்தனை புள்ளி என்று அதில் இருக்கும். வில்லைப் புத்தகத்தின் பரிசுப் பட்டியலைப் போன்றதுதான். 1999ஆம் ஆண்டு ஸ்டார்வுட் குழுமம் தொடங்கிய திட்டம், விழாக்காலங்களில் இலவச இரவுகளை மறுக்கும் வழக்கத்தைக் கைவிட்டுப் பெயர் பெற்றது.

ஆனால், பட்டியலை எழுதும் கை குழுமத்தின் கை அல்லவா? 2013ஆம் ஆண்டு ஹில்டன் தன் பட்டியலை மாற்றியபோது, ஓர் இரவுக்கான உச்ச அளவு 50,000 புள்ளியிலிருந்து 95,000 புள்ளியாக உயர்ந்தது. முதல்நாள் 1,00,000 புள்ளி வைத்திருந்தவருக்கு மறுநாளும் அதே 1,00,000 புள்ளிதான். எதுவும் குறையவில்லை. ஆனால், மிக உயர்ந்த விடுதியில் இரண்டு இரவாக இருந்தது ஓர் இரவாகச் சுருங்கிவிட்டது.

2017ஆம் ஆண்டு ஹில்டன் பட்டியலையே நீக்கியது. அறைக் கட்டணம் ஏறினால் கேட்கும் புள்ளியும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற முறை வந்தது. மேரியட் 2016ஆம் ஆண்டு ஸ்டார்வுட்டை வாங்கியது. 2018ஆம் ஆண்டு இரு திட்டங்களும் இணைந்தபோது ஒரு ஸ்டார்வுட் புள்ளி மூன்று மேரியட் புள்ளிகளாக மாற்றப்பட்டது. நாணய மாற்றுக் கடையில் வெள்ளியை ரூபாயாக மாற்றுவது போலத்தான். எண்ணிக்கை மும்மடங்கானதால் எவரும் மும்மடங்கு செல்வராகவில்லை. 2019ஆம் ஆண்டு அத்திட்டம் மேரியட் பொன்வாய் என்று பெயர் பெற்றது. 2022ஆம் ஆண்டு அங்கும் பட்டியல் மறைந்தது. ஹயாத் மட்டும் மற்றவர்கள் கைவிட்ட பின்னரும் நெடுநாள் பட்டியலைப் பிடித்து வைத்திருந்தது. ஆனால், 2022ஆம் ஆண்டு அதிலும் நெரிசலான நாளுக்கு ஓர் அளவு, மற்ற நாளுக்கு வேறோர் அளவு என்ற பிரிவு வந்தது.

பிரான்சின் அக்கோர் குழுமம் வேறு வழியில் சென்றது. 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு என்று மதிப்பை வெளிப்படையாக அறிவித்தது. ஒரு புள்ளிக்கு 2 யூரோ காசு. பழைய வில்லையின் நேர்மை இதில் ஓரளவு மிஞ்சியிருக்கிறது என்பேன். பெருவெகுமதி கிடைக்கும் வாய்ப்பு இம்முறையில் குறைவு, ஏமாற்றமும் குறைவு.

குழுமங்கள் மதிப்பைக் குறைப்பதற்குக் காரணமும் உண்டு. அவை கடன்பற்று அட்டை வழங்கும் வங்கிகளுக்குப் புள்ளிகளை மொத்தமாக விற்கின்றன. பயன்படுத்தப்படாத புள்ளி, குழுமத்தின் கணக்கேட்டில் ஒரு கடனாக நிற்கிறது. கடன் கொடுத்தவர் நாம். அதன் மதிப்பைத் தீர்மானிப்பவரோ கடன்காரர்!

சிங்கப்பூர்ப் பயணத்திற்கு ஒரு கணக்கு

அச்சிடப்படாத மதிப்பை நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம். வழி எளிது. ஓர் இரவுக்கு நாம் செலுத்த வேண்டிய முழுத் தொகையை, அதே இரவுக்குக் கேட்கப்படும் புள்ளியால் வகுக்க வேண்டும். புள்ளியோடு கூடுதலாகப் பணமும் கேட்டால் அதை முதலில் கழித்துவிட வேண்டும்.

முழுத் தொகை என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் கட்டணத்தை அடுத்து இரண்டு கூட்டல் குறிகளைக் காணலாம். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி. 2024ஆம் ஆண்டு முதல் அது 9 விழுக்காடு. 300 வெள்ளி என்று போட்டிருந்தால், சேவைக் கட்டணத்தோடு 330 வெள்ளி, அதன்மேல் வரியும் சேர்ந்து 359.70 வெள்ளி.

எடுத்துக்காட்டாக, மூன்று குழுமங்களில் ஒரே தரமுள்ள அறைகள், ஒவ்வொன்றும் 359.70 வெள்ளி என்று கொள்வோம். புள்ளியில் தங்கினால் வேறு பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்றும் கொள்வோம்.

அ குழுமம் 30,000 புள்ளி கேட்கிறது. ஒரு புள்ளி ஏறத்தாழ 1.2 காசு.
ஆ குழுமம் 12,000 புள்ளி கேட்கிறது. ஒரு புள்ளி ஏறத்தாழ 3 காசு.
இ குழுமம் 60,000 புள்ளி கேட்கிறது. ஒரு புள்ளி ஏறத்தாழ 0.6 காசு.

இத்துடன் கணக்கு முடிவதில்லை. புள்ளி எவ்வளவு எளிதில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் அமெரிக்க டாலர் செலவுக்கு மேரியட், ஹில்டன் குழுமங்களின் பெரும்பாலான விடுதிகள் அடிப்படையாக 10 புள்ளி தருகின்றன. ஹயாத் 5 புள்ளி தருகிறது. நம் எடுத்துக்காட்டில் அ, இ ஆகியவை 10 புள்ளியும், ஆ 5 புள்ளியும் தருவதாகக் கொண்டால், ஒரு டாலர் செலவுக்கு நமக்குத் திரும்பி வருவது முறையே 12, 6, 15 சிங்கப்பூர்க் காசுகள். குறைந்த எண்ணிக்கையில் புள்ளி தருவதே இங்கே கூடுதல் மதிப்பைத் தருகிறது. எங்கள் ஆசிரியை வழக்கில் வென்றதன் இரகசியம் இதுதான்.

பெற்றோர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நீங்கள் உண்மையில் எங்கே தங்கியிருப்பீர்கள்? லிட்டில் இந்தியா பக்கத்தில் 180 வெள்ளி அறையே போதும் என்பவராக இருந்தால், 359.70 வெள்ளி உங்கள் பையிலிருந்து போகவிருந்த பணமே அன்று. 180 வெள்ளியைத்தான் வகுக்க வேண்டும். அப்போது ஆ குழுமத்தின் புள்ளி 1.5 காசாகவும், இ குழுமத்தின் புள்ளி 0.3 காசாகவும் இறங்கிவிடும். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு ஓர் அறை போதாமல் போகலாம். இரண்டு அறை என்றால் புள்ளியும் இரு மடங்கு. மாறாக, ஐந்து இரவு தங்குவோருக்கு மேரியட்டில் முழுவதும் புள்ளியில் எடுத்தால் நான்கு இரவுக்கான புள்ளியே போதும். இரண்டு இரவு நகரப் பயணத்தில் இச்சலுகை பயன்படாது.

நான் கற்ற பாடம்

இப்போது என் கதை. கடன்பற்று அட்டைப் புள்ளிகளை ஒரு குழுமத்தின் புள்ளிகளாக மாற்றிப் பல ஆண்டுகள் சேர்த்து வந்தேன். என் தாயாரை ஒருமுறையாவது நல்ல விடுதியில் தங்க வைக்க வேண்டும் என்பது ஆசை. நான் விரும்பிய விடுதி ஓர் இரவுக்கு 25,000 புள்ளி கேட்டது. 1,00,000 புள்ளி சேர்ந்தது, நான்கு இரவு. உடனே பதிவு செய்திருக்கலாம். "அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் சேரட்டும், ஒரு வாரமாகப் போகலாம்" என்று தள்ளிப்போட்டேன். மறு ஆண்டு பார்த்தபோது அதே அறைக்கு 40,000 புள்ளி. நான்கு இரவு இரண்டாகிவிட்டது. அதற்குள் அம்மாவின் முழங்கால் வலியும் முற்றியிருந்தது. விடுதியின் முகப்புக்கூடத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, "ரெண்டு நாள் போதும், எனக்கு இதுவே பெரிசு" என்றார். அந்த ஓர் ஆண்டை எந்தப் புள்ளியைக் கொடுத்தும் என்னால் திரும்பப் பெற இயலவில்லை.

சேமிப்பு நல்ல பழக்கம் என்று நாள்தோறும் வகுப்பில் சொல்பவன் நான். ஆனால், வங்கியில் போட்ட பணத்திற்கு வட்டி உண்டு. புள்ளிக்கு வட்டி இல்லை. சில திட்டங்களில் ஓராண்டும், சிலவற்றில் ஈராண்டும் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் புள்ளியே காலாவதியாகிவிடும். ஆகவே, போக வேண்டிய பயணத்திற்குப் போதுமான புள்ளி சேர்ந்தவுடன் பயன்படுத்திவிடுங்கள். புள்ளி சேர்ப்பதற்காகவே கூடுதல் விலையில் அறை எடுக்காதீர்கள்.

ஆறாம் ஆண்டு கணித வகுப்பில் விகிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேலேயுள்ள மூன்று குழுமக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். எந்த விடுதி சிறந்தது என்று கேளுங்கள். முதலில் பல கைகள் 60,000 பக்கம் உயரக்கூடும். அந்தக் கைகளை வகுத்தல் கணக்கின் பக்கம் திருப்புவது நம் வேலை.