அவுட்போர்டு எஞ்சின்: எரிபொருள் கோளாறு

படகின் பின்புறம் மாட்டப்படும் வெளிப்பொருத்து எஞ்சின், எரிபொருள் சீராக வராமல் திணறி ஓடும் நிலை.

காரணங்கள்: டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபடுதல், குழாய் இணைப்பில் காற்று புகுதல், வடிகட்டி அடைப்பு, எரிபொருளில் நீர் கலத்தல், நாள்பட்ட பெட்ரோலின் பிசின் கார்புரேட்டர் ஜெட்டில் படிதல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்.

சோதனை: முதலில் மூடியின் காற்றுத்துளையைத் திறக்க வேண்டும். ஓடும்போது குழாயிலுள்ள ரப்பர் கைப்பம்பை அழுத்தியதும் எஞ்சின் சீரானால், எரிபொருள் பம்பு, குழாய், வடிகட்டி ஆகியவற்றில் ஒன்று பழுது. எரிபொருளைக் கண்ணாடிக் குடுவையில் சிறிது நேரம் வைத்தால் நீர் அடியில் தெரியும்.

பராமரிப்பு: மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டினால் மறுமுறை எளிதில் கிளம்பும். நடுக்கடலில் எஞ்சின் நிற்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே சோதனைகளைக் கரையிலேயே முடிப்பது இன்றியமையாதது.