மனச்சிதைவு மருந்தின் அளவும் பக்கவிளைவுகளும்

மனச்சிதைவுக்குத் தரப்படும் மருந்துகளில் எல்லோருக்கும் பொருந்தும் அளவு என்று ஒன்று கிடையாது. காதில் கேட்கும் குரல்களும் வீண் சந்தேகமும் அடங்க வேண்டும். நோயாளி எழுந்து நடமாடி, நாலு பேரோடு பேசி, வேலைக்குப் போகவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் தருகிற மிகக் குறைந்த அளவே சரியான அளவு. குறைவாகத் தொடங்கி, பொறுத்திருந்து பார்த்து ஏற்றித்தான் அதைக் கண்டறிய முடியும்.

இம்மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமின் ஏற்பிகளை மறித்து வேலை செய்கின்றன. ஏற்பிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் மறிக்கப்படும்போது பலன் தெரிகிறது. 80 சதவீதத்தை நெருங்கினால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் தொடங்குகின்றன. குளோசபைன், அரிபிபிரசோல் போன்ற சில இந்தக் கணக்கில் அடங்காதவை. மற்றவற்றில் இடைவெளி மிகக் குறுகியது. ரிஸ்பெரிடோனை 1 அல்லது 2 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 6 மில்லிகிராமுக்கு மேல் பலன் பெரிதாகக் கூடுவதில்லை, தொந்தரவுதான் கூடுகிறது. முதல்முறை நோய்வாய்ப்பட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதிலும் குறைவே போதும்.

மாத்திரை போட்ட அன்றே தூக்கம் வந்துவிடும். குரல்களும் சந்தேகமும் விலக வாரங்கள் ஆகும். நன்றாகத் தூங்கியதும் குணமாகிவிட்டது என்று வீட்டார் நிறுத்துவதும், பத்து நாளில் மாற்றமில்லை என்று அளவை ஏற்றச் சொல்வதும் இந்த வேறுபாடு தெரியாததால் நடப்பவை. போதுமான அளவில் 4 முதல் 6 வாரம் கொடுத்துப் பார்க்காமல் ஒரு மருந்தைப் பலனற்றது என்று தள்ளுவது சரியல்ல.

பக்கவிளைவுகளில் எளிதில் தவறவிடப்படுவது நிலைகொள்ளாமை. புறநோயாளிப் பிரிவு வரிசையில் உட்கார வைத்தால் எழுந்துவிடுவார். நின்றால் கால் மாற்றி மாற்றி வைப்பார். இரவில் முற்றத்துக்கும் அறைக்குமாக நடப்பார். நோய் முற்றிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதை நம்பி அளவை ஏற்றினால் தவிப்பு இன்னும் கூடும். தற்கொலை எண்ணம் வரைகூடப் போகலாம். தவிப்பு மனதிலா, காலிலா என்று நோயாளியிடமே கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அளவைக் குறைப்பதோ, புரோப்ரனலால் சேர்ப்பதோ, வேறு மருந்துக்கு மாறுவதோ தீர்வு. கழுத்து இழுத்துக்கொள்வதும் கண் மேலே செருகுவதும் முதல் சில நாள்களில் வருபவை; ஊசி போட்டால் சிறிது நேரத்தில் சரியாகும். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், வியர்வையையும் குறைக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் திருச்சி வெயிலில் இதை உட்கொள்பவர்கள் உச்சிவேளையில் வெளியே வேலை செய்வது ஆபத்து. ஓலான்ஸபைனில் பசியும் எடையும் சர்க்கரையும் கூடுகின்றன. தொடக்கத்திலேயே எடையையும் இடுப்பளவையும் குறித்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். ரிஸ்பெரிடோனால் மாதவிடாய் நின்றுபோகும் பெண்கள் கூச்சத்தால் அதைச் சொல்வதில்லை. மருத்துவர்தான் கேட்க வேண்டும்.

அளவைச் சரிசெய்ய மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மனநல மருத்துவமனை என்றால் நெடுங்காலம் சென்னை கீழ்ப்பாக்கம்தான். திருச்சியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தொலைவில் எழுதித் தந்த அளவு, நடுக்கம் வந்தாலும் மாதக்கணக்கில் மாறாமல் தொடரும், அல்லது அடியோடு நின்றுபோகும். 1996-97இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளி. மனநல மருத்துவத்தை நோயாளியின் ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவருவதே அதன் நோக்கம். மாத்திரையை விட்டுவிடுபவர்களுக்கு புளூபெனசைன் டெக்கனோயேட் போன்ற நீண்டநாள் ஊசி உதவுகிறது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், ஒத்துக்கொள்கிறதா என்று சிறிய அளவில் பார்த்த பிறகே முழு அளவுக்குப் போவார்கள்.

காவிரி வடகரையிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பது நெடுங்கால வழக்கம். மருந்தின் பலனைக் கணிக்கத் தேவையான காலமும் ஏறக்குறைய அதுவே. மாத்திரையைத் தொடர்ந்தபடி தங்குபவருக்கு வழிபாடும் வைத்தியமும் முரண்படுவதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தங்குபவர் அந்த நாள்களில் அமைதியாகவே இருக்கக்கூடும். நோய் திரும்புவது பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, வீட்டில்.

ஸ்ரீரங்கத்தில் மார்கழி வைகுண்ட ஏகாதசி நாளில் விரதமும் இரவுக் கண்விழிப்பும் ஒன்றுசேர்கின்றன. உணவில்லை என்று மாத்திரையும் விடப்படுகிறது. லுராசிடோன், ஜிப்ராசிடோன் இரண்டும் சாப்பாட்டோடு எடுக்க வேண்டியவை. ரிஸ்பெரிடோனுக்கும் ஓலான்ஸபைனுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. குளோசபைன் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பீடி, சிகரெட் புகை குளோசபைன், ஓலான்ஸபைன் இரண்டையும் உடலில் விரைவாகக் கரைக்கிறது. மாலை போட்டுப் புகையை விடுபவருக்கு அதே மாத்திரை திடீரென்று அதிகமாகிவிடும்; முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நோய் அடங்கிய பிறகு, முதல்முறை வந்தவர்களுக்கும் குறைந்தது ஓரிரு ஆண்டு மருந்து தொடரும். நாக்கும் உதடும் தாமாக அசையும் தாமத அசைவுக்கோளாறு நெடுநாள் மருந்தில் வருவதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது அவசியம். மருந்தின் அளவைக் குறைப்பது சிறுகச் சிறுக, மாதக்கணக்கில் நடக்கும். அப்போது வீட்டார் கவனிக்க வேண்டியது தூக்கத்தை: தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூங்காவிட்டால், அடுத்த மாதச் சீட்டு வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.