பல வண்டிகள் ஈன்ற ஒரு வண்டி

அமெரிக்க நாட்டின் தென் கலிபோர்னியாவில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இளைஞர் சிலர் பழைய மோட்டார் வண்டிகளைச் சொற்ப விலைக்கு வாங்கினர். வீட்டுக் கொட்டகையிலேயே அவற்றைக் கழற்றினர். வேண்டாத பாரத்தை நீக்கினர். வேறு வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து, விரைந்தோடும் புது வண்டிகளை ஆக்கினர். இவ்வகை வண்டிக்குப் பின்னாளில் ‘ஹாட் ராட்’ என்னும் பெயர் நிலைத்தது. இயந்திரம் ஓர் ஆண்டினது; கியர்ப்பெட்டி மற்றோர் ஆண்டினது; மேற்கூடு வேறோர் ஆண்டினது. இவை ஒரே வண்டியில் எங்ஙனம் இணங்கின? இணங்காத இடத்தில் இளைஞர் என்ன செய்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

முற்காலத்தில் ஓர் இயந்திரத்தின் உறுப்பு அவ்வியந்திரத்துக்கே உரியது. தொழிலாளி அதனை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, தன் கைக்கு எட்டிய இயந்திரத்தில் பொருத்துவான். மற்றோர் இயந்திரத்தில் அது சேராது. இந்நிலை மாறிவிட்டது என்பதை உலகுக்குக் காட்டிய சோதனை ஒன்று 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்றது. மூன்று காடிலாக் வண்டிகளை முற்றிலும் கழற்றி, உறுப்புகளை ஒன்றாகக் குவித்துக் கலந்தனர். பின்னர் ஸ்பானரும் திருப்புளியுமே கொண்டு மூன்று வண்டிகளை மீண்டும் பூட்டினர். அவை மூன்றும் 500 மைல் ஓடிக் காட்டின. ஒரே அளவில் பல்லாயிரம் உறுப்புகளைச் செய்ய முடியும் என்பது உறுதியாயிற்று.

அதே 1908ஆம் ஆண்டில் போர்டு நிறுவனத்தின் ‘டி’ மாதிரி வண்டி வெளிவந்தது. 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பெற்றன. அதன் இயந்திரத்தின் ஆற்றல் 20 குதிரைத் திறன். அடுத்து வந்த ‘ஏ’ மாதிரிக்கு 40 குதிரைத் திறன். 1932ஆம் ஆண்டில் எட்டு சிலிண்டர் கொண்ட ‘வி-8’ இயந்திரத்தைப் போர்டு வெளியிட்டார். அதன் ஆற்றல் 65 குதிரைத் திறன். அதுவரை விலையுயர்ந்த வண்டிகளிலேயே காணப்பட்ட எட்டு சிலிண்டர், எளிய மக்களின் வண்டியிலும் இடம்பெற்றது. சில ஆண்டுகளுக்குள் இவ்வியந்திரங்கள் பழைய இரும்புக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. பொருளாதார நெருக்கடி மிகுந்த அக்காலத்தில், புது வண்டி வாங்க வகையற்ற இளைஞனுக்கு இக்கடைகளே களஞ்சியங்கள் ஆயின.

எனினும், ஓர் ஆண்டின் உறுப்புகள் தமக்குள் பொருந்துமே அன்றி, வேறோர் ஆண்டின் உறுப்புகளோடு தாமே பொருந்தமாட்டா. ‘ஏ’ மாதிரி வண்டியில் ‘வி-8’ இயந்திரத்தை ஏற்ற விரும்பிய இளைஞனை எண்ணிப் பாருங்கள். ‘ஏ’ மாதிரியின் ரேடியேட்டருக்கு மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். ‘வி-8’ இயந்திரத்திலோ சிலிண்டர்கள் இரு வரிசை, வரிசைக்கொரு நீர்ப்பம்பு, ஆகவே மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு குழாய்கள் வேண்டும். அதன் புகைவழிகள் இயந்திரக் கட்டைக்குள்ளேயே சென்றமையால் வெப்பமும் மிகுதி. எனவே, இயந்திரத்தை மாற்றியவன் ரேடியேட்டரையும் மாற்ற வேண்டியவன் ஆனான். புதிய ஆற்றலைத் தாங்கச் சட்டமும் வலுவாயிருத்தல் வேண்டும். ஆதலின் பலர் ‘ஏ’ மாதிரியின் எடை குறைந்த மேற்கூட்டை 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்மேல் அமர்த்தினர். முன்னதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 103½ அங்குலம். பின்னதில் 106 அங்குலம். அந்த இரண்டரை அங்குல வேறுபாட்டை அளவுகோலும் அரமும் கொண்டு அவர்கள் சரி செய்தனர்.

யாவற்றினும் முதன்மையானது பிரேக். வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். விரையும் வண்டியை நிறுத்தும்போது அவ்வளவு ஆற்றலையும் பிரேக்கே வெப்பமாக மாற்றியாக வேண்டும். பழைய போர்டு வண்டிகளில் பிரேக்குகளைக் கம்பிகளே இழுத்து இயக்கின. திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கைப் போர்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டு வண்டிகளிலேதான் அமைத்தது. அறிவுடைய இளைஞர் அதனைக் கழற்றித் தம் பழைய அச்சில் பூட்டினர். அங்கும் ஓர் இடையூறு: பழைய அச்சுமுனையின் பருமன் வேறு, புதிய டிரம்மின் பேரிங் அதில் நேராக அமராது. இடையில் சிறு உலோக வளையம் ஒன்றைச் செருகிய பின்னரே அமர்ந்தது. அவ்வளையம் விரலிடையில் அடங்குவது. ஆயினும் ஓட்டுநனின் உயிர் அதனை நம்பியிருந்தது.

1949ஆம் ஆண்டில் காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் நிறுவனங்களும், 1955ஆம் ஆண்டில் செவ்ரலே நிறுவனமும் புதுவகை எட்டு சிலிண்டர் இயந்திரங்களை அளித்தன. இவற்றைப் போர்டு கியர்ப்பெட்டியோடு சேர்க்க இணைப்புத் தகடுகள் தோன்றின. தகட்டின் ஒரு புறத்துத் துளைகள் இயந்திரத்துக்கும், மறு புறத்தவை கியர்ப்பெட்டிக்கும் ஏற்றவை. இரு தண்டுகளின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். சிறிது விலகினும் பேரிங்குகள் விரைவில் தேயும். கண்ணுக்குச் சரியெனத் தோன்றுவது போதாது. கருவியால் அளந்து உறுதி செய்தல் வேண்டும்.

இவ்வண்டிகளை எங்கே ஓட்டுவது? மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் இதற்கு உதவின. ஆனால், ஊர்த் தெருக்களிலும் பந்தயம் விட்டோர் இருந்தனர்; அவர்களால் தமக்கும் பிறர்க்கும் தீங்கு விளைந்தது. ஹாட் ராட் என்றாலே மக்கள் முகம் சுளித்தனர். இப்பெயரை மாற்ற இளைஞரே முன்வந்தனர். 1937ஆம் ஆண்டில் பல கழகங்கள் கூடித் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. போருக்குப் பின், 1949இல் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புவெளியில் வேகவாரம் தொடங்கியது. 1951இல் வாலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஓடுமுன் ஒவ்வொரு வண்டியையும் சோதித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. குறையுள்ள வண்டிக்குக் களத்தில் இடமில்லை.

அன்பர்களே! ஆலையில் தோன்றிய அளவின் ஒழுங்கே இவ்விளைஞர்க்குப் புதியன படைக்கும் உரிமையை அளித்தது. அவ்வொழுங்கு நின்றுவிட்ட இடத்தில், தாமே அளந்து, இடைவெளியை நிரப்பி, அதனை அவர்கள் தொடர்ந்தனர். ஓர் உறுப்பை மாற்றுமுன், அதனோடு தொடர்புடைய உறுப்புகள் எவை என்று வினவுக. வேகத்தைக் கூட்டுமுன், நிறுத்தும் வழியைத் தேடுக. வீட்டுக் கொட்டகைகளில் எழுந்த இவ்வரலாறு இவ்விரண்டையும் நமக்குக் கற்பிக்கின்றது.