பத்தமடை டு லண்டன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

1953-ல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கே நெய்த கோரைப்பாய் பரிசாகப் போனது என்பது பத்தமடையின் தீராத பெருமை. இன்றைக்கு மகளின் பேறுகாலத்துக்காக அம்மாக்களே லண்டனுக்குக் கிளம்புகிறார்கள். 'பிளைட்ல பதினோரு மணி நேரம்தானே!' என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆனா, வீட்டு வாசல்ல இருந்து கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும்.

தூரம் எவ்வளவு?

வரைபடத்தில் நேராக அளந்தால் பத்தமடையில் இருந்து லண்டன் சுமார் 8,400 கி.மீ. நாம போற வழி அதைவிட நீளம்.

* பத்தமடை - வாகைக்குளம் (தூத்துக்குடி விமான நிலையம்): காரில் சுமார் 50 கி.மீ., ஒன்றரை மணி நேரம்.
* தூத்துக்குடி - சென்னை: சுமார் 530 கி.மீ., ஒன்றரை மணி நேரம்.
* சென்னை - லண்டன் நேரடி விமானம்: சுமார் 8,230 கி.மீ., ஏறக்குறைய 11 மணி நேரம்.

செக்-இன், சென்னைக் காத்திருப்பு, லண்டன் குடியேற்ற வரிசை எல்லாம் சேர்த்தால் 20 முதல் 24 மணி நேரம் ஆகிவிடும்.

திருவனந்தபுரம் வழி

பத்தமடையில் இருந்து சாலையில் சுமார் 150 கி.மீ.; நாலு மணி நேரம் வச்சுக்கலாம். அங்கிருந்து துபாய் 2,950 கி.மீ., துபாயில் இருந்து லண்டன் 5,500 கி.மீ. இடையில் ஒரு தடவை இறங்கி ஏறணும். ஆனால் வடகிழக்கே சென்னைக்குப் போய்த் திரும்புகிற சுற்று இல்லை.

போக அதிகம், வரக் குறைவு ஏன்?

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும். அதனால் வருகிற பயணம் சுமார் ஒரு மணி நேரம் குறையும். வழியில் ஏதாவது நாடு தன் வான்வெளியை மூடினால், சுற்றிப் போக வேண்டியதுதான்.

கடிகாரக் கணக்கு

லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசியில் இருந்து அக்டோபர் கடைசி வரை நாலரை மணி நேரம். சென்னையில் காலை 6 மணிக்கு ஏறினால், நம்ம ஊர்ல மாலை 5 ஆகும்போது அங்கே இறங்கலாம். குளிர்காலமாக இருந்தால் லண்டன் கடிகாரத்தில் அப்போது காலை 11.30!

இதை மறக்காதீங்க

* இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தூத்துக்குடி விமானம் தாமதமாகி, தனி டிக்கெட்டில் இருந்தால், லண்டன் விமானத்தைத் தவறவிட்ட நஷ்டம் பெரும்பாலும் நம்ம தலையில்தான்.
* தனி டிக்கெட்தான் கிடைக்குது என்றால், முந்தின நாளே சென்னை போயிடுங்க. நெல்லை எக்ஸ்பிரஸோ, வந்தே பாரத்தோ கைகொடுக்கும்.
* சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள், நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* பேறுகாலத்துக்குப் போகிறவர்கள் குறித்த தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே போய்ச் சேருங்கள். பிள்ளை தேதி பார்த்துப் பிறக்காது.

பேரப்பிள்ளைக்கு ஒரு பட்டுப்பாய் எடுத்துட்டுப் போகணுமா? துணி மாதிரி மடிகிற மென்மையான ரகமாகப் பார்த்து வாங்குங்க. பெட்டியில் ஓர் ஓரம் போதும்.