மருந்து அடிக்க அடிக்கப் பெருகிய பூச்சி

எங்க ஊர்ல பூச்சிக்கொல்லின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "மருந்து"தான். "நாளைக்கு வயலுக்கு மருந்து அடிக்கணும்" என்பார் தாத்தா. இந்தோனேசிய விவசாயிகளும் இதை "ஓபாத்" என்றுதான் சொல்வார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அவர்கள் மொழியில் ஓபாத் என்றாலும் மருந்துதான். அங்கிருந்துதான் ஜாவா தீவின் புகையான் கதையைத் தோண்ட ஆரம்பித்தேன்.

புகையான் நம்ம டெல்டாக்காரர்களுக்கும் தெரிந்த பூச்சி. நெல் தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. அரிசி அளவுகூட இருக்காது. கூட்டம் பெருகினால் வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் கருகி, நெருப்பு வைத்தது போல நிற்கும்.

1960களுக்கு முன்னால் வெப்பமண்டல ஆசியாவில் இதை யாரும் பெரிய எதிரியாக நினைக்கவில்லை. அதற்குப் பிறகு குட்டை ரக நெல் வந்தது, யூரியா வந்தது, கூடவே மருந்தும் வந்தது. இந்தோனேசிய அரசு மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கடனில் கொடுத்தது. மருந்து விலையில் சுமார் 80 சதவீதம் மானியம். கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிறதை யார் அடிக்காமல் இருப்பார்கள்?

1970களின் நடுவில் புகையான் கிளம்பியது. அதை எதிர்த்து நிற்கும் என்று 1973இல் வந்த ஐ.ஆர்.26 ரகம் சில போகங்களிலேயே தோற்றது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் உலகிலேயே அதிகம் அரிசி இறக்குமதி செய்யும் நாடாக இந்தோனேசியா ஆனது. அடுத்து ஐ.ஆர்.36 கைகொடுத்தது, 1984இல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்தார்கள். கொண்டாட்டம் அடங்குவதற்குள் புகையான் ஜாவாவில் மறுபடி தலைகாட்டியது.

ஏன் என்பதுதான் சுவாரசியம். பெண் பூச்சி முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது; மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. மேலே திரிகிற சிலந்தி, முட்டையைத் தேடித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சி எல்லாம் செத்துவிடும். ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளியே வரும்போது வயலில் காவலே இல்லை. யூரியா அதிகம் போட்ட பயிரில் அது இன்னும் வேகமாகப் பெருகும். பூச்சி பெருகியதைப் பார்த்து மறுபடி ஸ்பிரேயரைத் தூக்குவார்கள். (எங்க துறையில ஒரு பிழையைத் திருத்தப்போய் லாக் எழுதுகிற பகுதியையே அழித்த கதை உண்டு. பிழை போகாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும்.)

இன்னொரு அடுக்கை 1996இல் வில்லியம் செட்டில் குழுவினர் ஜாவா வயல்களிலேயே ஆராய்ந்து வெளியிட்டார்கள். நட்ட புதிதில் வயலில் புகையானே அதிகம் இருக்காது. அப்போது சிலந்திகள் எதைத் தின்கின்றன? சேற்றில் மக்கும் தழையையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்று வளரும் சின்னச் சின்னப் பூச்சிகளை. பயிருக்குத் தீங்கே செய்யாத கூட்டம் அது. "முன்னெச்சரிக்கையா ஒரு தடவை" என்று ஆரம்பத்திலேயே அடிக்கிற மருந்து அந்தச் சாப்பாட்டையும் சாப்பிடுகிறவர்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. என் தாத்தா நட்ட இருபதாம் நாள் தவறாமல் மருந்து அடிப்பார்.

பீட்டர் கென்மோர் போன்ற பூச்சியியலாளர்களும் இந்தோனேசிய விஞ்ஞானிகளும் காட்டிய ஆதாரங்கள் மேலிடம் வரை போயின. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து உத்தரவிட்டார். ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989இல் நின்றது. நெல்லில் மருந்துப் பயன்பாடு வெகுவாகச் சரிந்தது. நெல் உற்பத்தியோ ஏறியது. ஆனால் தடை நெல்லுக்கு மட்டும்தான். காய்கறித் தோட்டங்களில் அதே மருந்துகளை அடிக்கத் தடையில்லை. இதைப் பாராட்டுரைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது 1989இல் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகள். வாரம் ஒருநாள் விவசாயிகள் வயலில் இறங்கி, கண்ணில் பட்டதை எண்ணி, பெரிய தாளில் படமாக வரைவார்கள். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் பூச்சி, மறுபக்கம் அதைத் தின்னும் உயிர்கள். ஒரு சிலந்தியையும் சில புகையான்களையும் டப்பாவில் போட்டு மூடிவைத்து, எத்தனை மிச்சமிருக்கிறது என்று பிறகு எண்ணுவார்கள். யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அப்புறம் அந்தத் திட்டத்துக்கான பணம் வற்றியது, புதுப் பெயர்களில் மருந்துகள் கடைக்கு வந்தன. 2010, 2011இல் ஜாவாவில் புகையான் மறுபடி வயல்களை வட்டம் வட்டமாகக் கருக்கியது.