ஸ்கூட்டரில் தீப்பொறி வந்த வழி

மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்து, உதைத்து உதைத்துக் களைத்துப் போனவர்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். என் தந்தையாரிடம் அப்படி ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. வண்டி கிளம்பாவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றுவார். அதன் நுனியில் படிந்திருக்கும் கரியை உப்புத்தாளால் தேய்ப்பார். அப்படியும் சரிப்படாவிட்டால் மெக்கானிக்கை அழைத்துவர நான் ஓட வேண்டும். அவர் வந்து, காந்தச் சக்கரத்தின் துளை வழியே உப்புத்தாளை நுழைத்து இழுத்துவிட்டு, "சி.பி. பாயிண்ட் தேஞ்சு போச்சு சார்" என்பார். ஒவ்வொரு முறையும் அதே சொல்தான்.

அந்தப் பாயிண்ட் என்பது என்ன? ஒன்றையொன்று தொட்டு விலகும் இரண்டு சிறு உலோக முனைகள். கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டிப்பதே அவற்றின் வேலை. மின்னோட்டம் திடீரென நின்றால் அதே இரும்பு உள்ளகத்தின் மீது சுற்றிய இரண்டாம் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். இது பாரடேயின் விதி. 1851-இல் ரூம்கோர்ப் என்பவர் பாரிசில் செய்து விற்ற தூண்டு சுருளும் இதே வேலையைத்தான் செய்தது. முனைகள் விலகும்போது அவற்றுக்கிடையே பொறி பறந்து உலோகம் கருகியது. 1853-இல் பிஸோ குறுக்கே ஒரு மின்தேக்கியை இணைத்து அதனைக் குறைத்தார். ஒளியின் வேகத்தை அளந்த அதே பிஸோதான்! இன்றும் மெக்கானிக் "கண்டென்சர் போச்சு" என்று சொல்லும்போது பிஸோவின் சாதனத்தைத்தான் குறிப்பிடுகிறார்.

1860-இல் லெனுவார் தமது வாயு எஞ்சினில் ரூம்கோர்ப் சுருளைப் பொருத்தினார். அந்த எஞ்சின் வாயுவை அமுக்குவதில்லை, மெதுவாகவே சுழன்றது. எனவே பொறி சற்று முன்பின்னாக வந்தாலும் பெரிய நட்டமில்லை. எஞ்சின்கள் வேகம் பெற்றபோதுதான் தொல்லை தொடங்கியது. 1880-களில் பென்ஸ் மின்கலமும் அதிர்சுருளும் கொண்டு பொறி தந்தார். டெய்ம்லரோ மின்சாரத்தை நம்பாமல், சுடரால் பழுக்கக் காய்ச்சிய குழாயைக் கொண்டு எரிபொருளைப் பற்றவைத்தார். 1902-இல் பாஷ் தொழிலகத்தில் பணியாற்றிய ஹோனால்ட் உயர் அழுத்தக் காந்த மின்னாக்கியை உருவாக்கினார். சுழலும் எஞ்சினே தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொண்டது. மின்கலத்தின் தயவு வேண்டியதில்லை. கார்களில் கெட்டரிங்கின் மின்கல முறை 1910-க்குப் பின் பரவியது. ஆனால் எடை குறைவாக இருக்க வேண்டிய சிறு வண்டிகளுக்குக் காந்தமே நிலைத்தது.

1946-இல் இத்தாலியில் வெஸ்பா பிறந்தது. அதனை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். 1930-இலேயே ஹெலிகாப்டர் ஒன்றைப் பறக்கவிட்டவர். 1963-இல் 50 கன செ.மீ. கொள்ளளவுள்ள சிறிய வெஸ்பா வந்தது. அதற்கு எண்தகடு வேண்டியதில்லை. 14 வயதுச் சிறுவரும் ஓட்டலாம். ஆற்றல் சுமார் 1.5 குதிரைத்திறன். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். 14 வயதுப் பையனிடம் இப்படிச் சொல்லி வண்டியைக் கொடுத்தால் என்ன நடக்கும்? இத்தாலியப் பையன்கள் சிலிண்டரை மாற்றினார்கள், புகைக்குழாயை மாற்றினார்கள். அப்போதுதான் பாயிண்ட்டின் குறை தெரியவந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 5,000 சுற்று எனில், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சக்கரம் 30 பாகை திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஏறத்தாழ 20 பாகைக்கு முன்பே பொறி வர வேண்டும். தீ பரவ நேரம் வேண்டுமல்லவா? ஒரு பாகைப் பிழை என்றால் காலத்தில் ஒரு வினாடியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமான காலத்தைக் காட்டும் பொறுப்பை ஒரு சிறு வில்லும், சக்கரத்தின் மேட்டில் உராயும் ஒரு துண்டும் ஏற்றிருந்தன. அந்தத் துண்டு தேயத் தேய இடைவெளி சுருங்கும், முனைகள் தாமதமாகத் திறக்கும், பொறி பிந்தும். இருவீச்சு எஞ்சினில் சுற்றுக்கு ஒரு பொறி. 6,000 சுற்றில் வினாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். வேகம் இன்னும் ஏறினால் வில் பின்தங்கி முனைகள் துள்ளத் தொடங்கும்.

இதற்கு மாற்று வழியைப் பலர் முன்பே கண்டிருந்தனர். மின்தேக்கியை நிரப்பி, அதைச் சுருளின் வழியே சட்டென்று கொட்டிப் பொறி உண்டாக்கலாம் என்று டெஸ்லா 1898-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் கொட்டுவதற்கான கதவு, தேயாத கதவு, அப்போது இல்லை. 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டரை வெளியிட்டதும் கதவு கிடைத்தது. 1969-இல் கவாசாகியின் 500 கன செ.மீ. மூன்று சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இம்முறையுடன் வந்தது. வெஸ்பாவில் 1972-இல் ராலி 200 மின்னணுப் பொறி பெற்றது. 1976-இல் சிறிய உடல்கொண்ட பிரிமவேரா ஈ.டி.3 பெற்றது. பெயரிலுள்ள 'ஈ' என்னும் எழுத்தே மின்னணுவைக் குறிப்பது.

அது வேலை செய்யும் விதம் எளியது. சுழலும் காந்தம் ஒரு சுருளில் சுமார் 300 வோல்ட் உண்டாக்கி, ஏறத்தாழ ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கியை நிரப்புகிறது. இன்னொரு சிறு சுருள், காந்தம் தன்னைக் கடக்கும் கணத்தில் தைரிஸ்டருக்குச் சைகை தருகிறது. தேக்கி முழுவதும் கொட்டுகிறது. தொட்டு விலகும் பொருள் ஏதுமில்லாததால் தேய்மானமும் இல்லை. தேக்கியில் உள்ள ஆற்றல் வெறும் 0.045 ஜூல்தான். ஆனால் மின்னழுத்தம் ஏறும் வேகம் பாயிண்ட்டில் வருவதைவிடப் பன்மடங்கு அதிகம். இருவீச்சு வண்டிக்கு இதனால்தான் பெரும்பயன் கிடைத்தது. அங்கே பெட்ரோலோடு எண்ணெயும் எரிவதால் பிளக்கில் கரிப்படலம் படிகிறது. மின்னழுத்தம் மெதுவாக ஏறினால் அந்தப் படலம் வழியே மின்சாரம் கசிந்து போய்விடும். வேகமாக ஏறினால் கசிவதற்கு முன்பே பொறி பாய்ந்துவிடும். என் தந்தையார் உப்புத்தாளால் செய்த வேலையை இது வேகத்தால் செய்கிறது.

ஆகவே பழைய 50 வெஸ்பாவில், பின்னால் வந்த மாதிரிகளின் மின்னணுப் பகுதியைக் கழற்றி மாட்டும் வழக்கம் பரவியது. நேராக மாட்ட முடியாது. முறுக்குத்தண்டின் கூம்பு முனை எல்லா மாதிரிக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. தண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். சிலர் காந்தச் சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்து எடையும் குறைத்தனர். சக்கரம் இலேசானால் எஞ்சின் சட்டென வேகமெடுக்கும். ஆனால் நின்ற இடத்தில் சீராக ஓடாது, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அளவுக்கு மீறிக் கடைந்தால் சக்கரம் சிதறவும் கூடும். அதன்மேலுள்ள இறக்கைகள்தாம் எஞ்சினைக் குளிர்விக்கின்றன என்பதையும் சிலர் மறந்தனர்.

"மின்னணுப் பொறி போட்டால் வேகம் கூடுமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல நிலையில் உள்ள பாயிண்ட்டும் சரியான நேரத்தில் பொறி தந்தால் ஆற்றலில் பெரிய வேறுபாடு இராது என்றே சொல்வேன். கிடைப்பது இழந்ததை மீட்டது மட்டுமே. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்தது. பந்தய இருவீச்சு எஞ்சினின் புகைக்குழாய் ஓர் ஒலிக்கருவி போன்றது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியில் வால்டர் காடன் அதனைச் செம்மைப்படுத்தினார். குழாயின் முனையில் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவும் புதிய வாயுவை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். அலை சரியான கணத்தில் திரும்ப வேண்டும். மிக அதிக வேகத்தில் பொறியைச் சில பாகை பிந்தவிட்டால், வெளியேறும் வாயு கூடுதல் சூடாக இருக்கும். ஒலியின் வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று பன்னிரண்டாம் வகுப்புக்குள் படித்துவிடுகிறோமே! அலை விரைந்து திரும்பி, உயர்ந்த வேகத்திலும் பயன்படுகிறது. வேகத்திற்கேற்ப நேரத்தை மாற்றுவது மின்னணுச் சுற்றுக்கு எளிது. ஒரே நிலையில் திருகிப் பூட்டிய பாயிண்ட்டால் ஆகாது.

நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் 1971 வரை உரிமம் பெற்று வெஸ்பாவைச் செய்தது. அடுத்த ஆண்டு சேத்தக் வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும் கைனடிக் ஹோண்டா 1984-இல் மின்னணுப் பொறியுடன் வந்தது. அதன்பின் பாயிண்ட் படிப்படியாக மறைந்தது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பழைய தூண்டு சுருள் இருக்கிறது. அதன் தொடுமுனையைச் சுத்தம் செய்ய நான் இன்னும் உப்புத்தாள்தான் வைத்திருக்கிறேன். சுருளை இயக்கினால் முனை டிரிரி என்று அதிரும், நீல நிறப் பொறி பறக்கும், ஓசோன் வாசம் வரும். சென்ற ஆண்டு ஒரு மாணவன் அதன் மின்தேக்கியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தான். முனையில் வெள்ளை வெளிச்சம் கொட்டியது. எதிரே பறந்துகொண்டிருந்த நீலப்பொறி பாதியாகக் குறுகிப் போயிற்று.